கேட்டதுக்கு மட்டும் மறுமொழி

1

வெளிக்கிடுகிற ஒருவரைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று கேட்கக் கூடாது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராமல் போகும். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், நாரந்தனையில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்காக நான் வாங்கிய குட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. கட்டாயம் அறிய வேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். போகிறவரும் "இல்லை, கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்துவார். அதோடு கதை முடிந்தது.

லண்டனுக்கு வந்து தலை நரைத்த பிறகும் இது என்னை விட்டுப் போகவில்லை. கடந்த ஆடி மாதத்தில் ஒரு நாள், என் மகள் மதுரா ஓட்டும் சின்ன விமானத்தில் முதன்முதலாக ஏறப் போனேன். லண்டனுக்கு வெளியே ஒரு புல்வெளி, அதுதான் ஓடுபாதை. அதன் கரையில் ஒரு மரக்கொட்டில், உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். மதுரா அவருக்கு முன்னால் நின்று, எங்கே போகிறோம், எந்த வழியால், எவ்வளவு உயரத்தில், எப்போது திரும்புவோம் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். அவர் ஆறுதலாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவளின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன் பிள்ளை, வெளிக்கிடேக்கை அந்த மனுசனுக்கு உவ்வளவும் சொல்லோணுமே?" என்று அவளின் காதுக்குள் கேட்டேன்.

"நாங்கள் திரும்பி வராட்டி எங்கை தேடுறதெண்டு அவருக்குத் தெரியோணும் அம்மா" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என்ன நாளில் அதைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

2

அந்த நாளுக்கு எங்கள் வீட்டில் பெயர் இல்லை. திவசம் என்று சொல்ல ஏலாது. என் அண்ணா நேசன் செத்ததைக் கண்டவர் எவருமில்லை. திவசம் செய்தால் செத்துவிட்டான் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகும். செய்யாமல் விட்டால், செத்திருந்தால் அந்த ஆத்துமாவுக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று, அன்றைக்கு மீன் சமைக்காமல் விடுவோம். என் அக்கா இன்னும் ஊரில் அதே வீட்டு வளவில்தான் இருக்கிறார். அவரும் அங்கே மீன் வாங்குவதில்லை. அன்றைக்கு நாங்கள் தொலைபேசியில் கதைத்தால் ஆடு குட்டி போட்டதைப் பற்றிக் கதைப்போம், கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பதைப் பற்றிக் கதைப்போம். நேசன் என்ற பெயர் இரண்டு பக்கமும் வாயில் வராது.

அண்ணா போனது சண்டைக்காலத்தில் ஒரு காலைநேரம். சைக்கிளுக்குக் காற்றடித்தான். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவர், முறைப்படி "தூரமோ?" என்று கேட்டார். "இல்லை அக்கா, கிட்டத்தான். வந்திடுவன்" என்றான். நானும் குசினி வாசலில் நின்றேன். ஒருவரும் வேறெதுவும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணம் போகும் வழியில் ஒரு சென்றி இருந்தது, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற காவலரண். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற ஊர்க்காரர் ஒருவர்தான் பின்னேரம் வந்து சொன்னார். அடையாள அட்டையைக் கேட்டார்களாம். அண்ணா அட்டையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்காமல் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னானாம். கையைக் காட்டிக் காட்டிச் சொன்னானாம். என்ன சொன்னான் என்று அவருக்குக் கேட்கவில்லை. அங்காலே போய் நில் என்று காட்டினார்கள். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். அதோடு சரி.

அப்பா அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு சட்டம் போட்டார். "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. கேளாததுக்கு வாய் திறந்தியளோ, உங்கடை வாய்தான் உங்களுக்குக் கூற்றுவன்." சாகும்வரை அப்பா அதைத்தான் சொன்னார். நேசன் வாயால் கெட்டான் என்று ஊரே சொன்னது. நாங்களும் நம்பினோம்.

அந்தச் சட்டத்தை நான் கடல்கடந்து கொண்டுவந்தேன். இந்த நாட்டில் அகதி விண்ணப்ப விசாரணையில் என்னை இருத்திவைத்துக் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் ஓம், இல்லை. கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். இல்லை என்றேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்தது. "உங்களுக்குக் காணாமல் போன அண்ணா ஒருவர் இருக்கிறாரென்று ஏனம்மா சொல்லவில்லை?" என்று சட்டத்தரணி தலையில் கைவைத்தார். "அவை கேக்கேல்லையே" என்றேன். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பிறகு அவர் மேன்முறையீடு செய்துதான் எனக்கு இங்கே இருக்கக் கிடைத்தது.

3

பிள்ளைகளைப் பற்றிப் புலம்பாத புலம்பெயர்ந்தவர் உண்டோ? மதுரா புட்டை முள்ளுக்கரண்டியால் சாப்பிடுகிறவள். தேவாரம் பாதிதான் வரும். சொந்தக்காரர் வந்தால் "ஹாய்" சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். எங்களுடைய ஒன்றும் இவளில் ஒட்டவில்லை என்று என் மனுசனிடம் எத்தனையோ தரம் மூக்கைச் சிந்தியிருக்கிறேன். அவர் பஸ் ஓட்டிக் களைத்து வந்திருப்பார். "விடப்பா, பிள்ளை ஒழுங்காத்தானே இருக்கிறாள்" என்பார்.

அந்தப் பிள்ளை விமானம் ஓட்டப் பழகப்போகிறேன் என்று வந்து நின்றபோது நான் ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு விமானம் என்றால் குண்டு போடுகிற பொம்மர்தான். அந்தச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்து, மேலே பறக்கிறவனுக்கு நாங்கள் மூச்சுவிடுவது கேட்டுவிடும் என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த சனம் நாங்கள். இருமல் வந்தால் சீலையைக் கடித்துக்கொண்டு அடக்குவோம். அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது! ஆனாலும் அடக்கினோம்.

அவள் பழகி, அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டாள். அடுத்த கட்டம் பெரிய விமானம் ஓட்டும் படிப்பு. அதற்கான நேர்முகம் அடுத்த கிழமை இருந்தது. "அதுக்கு முன்னம் ஒரே ஒருதரம் என்னோடை வாங்கோ அம்மா" என்று கெஞ்சினாள். அந்தப் பெயரில்லாத நாளில் வீட்டுக்குள் இருந்து சுவரைப் பார்ப்பதைவிட இது பரவாயில்லை என்று நினைத்துத்தான் ஓம் சொன்னேன்.

கதிரையில் என்னை இருத்திப் பட்டி கட்டிவிட்டு, மடியில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். எங்கள் சின்ன ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விமான நிலையம். அதைச் சுற்றி வானத்தில் வேலி. கண்ணுக்குத் தெரியாத வேலி. நிலையத்துக்குக் கிட்ட அது நிலத்திலிருந்தே தொடங்குகிறது. தள்ளிப்போகப்போக மேலே ஏறி அந்தரத்தில் நிற்கிறது. கோபுரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததுபோல. அந்த அந்தரப் படிகளுக்குக் கீழே சின்ன விமானங்கள் தாழப் பதிந்து பறந்து போகலாம். உள்ளே போக வேண்டுமென்றால் வானொலியில் கேட்க வேண்டும். அவர்கள் ஓம் என்றால்தான் போகலாம்.

"கேளாமல் போனால்?"

"பெரிய பிளேன் எல்லாம் அதுக்காலைதான் இறங்குறது. ஆக்கள் சாகலாம் அம்மா. சாகாட்டிலும் ரிப்போர்ட் எழுதுவினம். லைசென்ஸ் போகலாம்."

எனக்கு அது நன்றாகவே விளங்கியது. வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்குத் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிற ஊரில் பிறந்தவளுக்கு வேலி விளங்காமல் போகுமா? அவளின் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டேன். அவள் தலையில் மாட்டிய ஒலிவாங்கிப் பட்டி அதில் பாதியைத் துடைத்துவிட்டது.

4

போகும்போது எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. கடற்கரைவரை போனோம். தண்ணீர் மேலே இருந்து பார்க்க எங்கள் ஊர்ப்பக்கத்துச் சாட்டிக் கடல்போல ஆழமில்லாமல் பச்சையாகக் கிடந்தது. என் பிள்ளை கையில் ஒரு சின்ன நடுக்கமும் இல்லாமல் ஓட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்லவில்லை.

என் காதிலும் ஒலிவாங்கிப் பட்டி இருந்தது. பெரிய நிலையத்தின் கட்டுப்பாட்டாளர் எல்லா விமானங்களோடும் கதைப்பது அதில் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஆறுதலான ஆண்குரல். "நாங்கள் அவரோடை கதைக்கத் தேவையில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறம் எண்டு அவருக்கு ஒரு இலக்கத்தாலை காட்டியிருக்கிறன். தேவையெண்டால் அவர் கூப்பிடுவார்" என்று மதுரா சொல்லியிருந்தாள். அதாவது, கேட்டால் மட்டும் மறுமொழி. நல்ல ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வலப்பக்கத்தில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. மேகமும் கீழே இறங்கியது. மதுரா மழைக்கு விலகி இடப்பக்கம் திருப்பினாள். இடப்பக்கம்தான் அந்தப் பெரிய நிலையம். அவளின் மடியில் ஒரு சிறிய கணினிப் பலகை இருந்தது. வழியும் வேலியும் அதில்தான் தெரிந்துகொண்டிருந்தன. அவ்வளவு நேரமும் வெயிலில் கிடந்து சூடேறிய அது படக்கென்று அணைந்து போயிற்று. தட்டினாள், ஊதினாள், தன் நிழலில் பிடித்தாள். எழும்பவில்லை. காகித வரைபடத்தை எடுத்தாள். கீழே ஒரு பெரிய நீர்த்தேக்கம் தெரிந்தது. வரைபடத்தில் ஒரே மாதிரி இரண்டு இருந்தன. அவள் கீழேயும் மடியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்ன மதுரா?"

"ஒண்டுமில்லை."

"உது எந்தக் குளம்?"

வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தாள். "தெரியேல்லை" என்றாள்.

"தெரியாட்டி அந்த மனுசனைக் கேளன். கதைச்சுக்கொண்டுதானே இருக்குது."

"கேட்டா நாங்கள் எங்கை நிக்கிறம் எண்டு தெரிஞ்சிடும் அம்மா. வேலிக்குள்ளை நிண்டால் எழுதுவினம். நேர்முகம் இருக்கு. கொஞ்சம் பேசாமல் இருங்கோ. தெரியாமல் வெளியாலை போயிடலாம்."

நான் அவளின் முகத்தைப் பார்த்தேன். உதடுகள் இரண்டையும் உள்ளே மடித்து இறுக்கி வைத்திருந்தாள். அந்த வாயை எனக்குத் தெரியும். அது என் அப்பாவின் வாய், அக்காவின் வாய். சென்றி வரிசையில் நின்ற எங்கள் எல்லாருடைய வாயும் அப்படித்தான் இருந்தது. இந்தப் பிள்ளை ஒருநாளும் ஒரு சென்றியைக் கண்டவளில்லை. பள்ளிக்கூடத்தில், வைத்தியரிடத்தில், கடவுச்சீட்டு வரிசையில், எங்கே சீருடையையோ மேசையையோ கண்டாலும் "கேட்டதுக்கு மட்டும் சொல்லு" என்று அவளின் கையை நுள்ளி நுள்ளி வளர்த்தவள் நான். எங்களுடைய ஒன்றும் ஒட்டவில்லை என்று அழுதேனே, இது ஒட்டியிருந்தது!

அப்போதுதான் அதைக் கண்டேன். முன்னால், எங்களுக்குச் சற்று மேலே, மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெரிய விமானம் சில்லுகளை விரித்துக்கொண்டு இறங்கி வந்தது. பழைய பழக்கத்தில் என் கை தானாகவே என் வாயைப் பொத்தியது. பங்கருக்குள் பொத்திய அதே கை. என் பிள்ளையும் வாயை மூடிக்கொண்டு, நானும் வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டு பேரும் ஒளித்துக்கொண்டிருந்தோம். யாரிடமிருந்து? எங்களைச் சாகாமல் காப்பாற்றுவதற்கென்றே அங்கே இருக்கிற ஒரு மனிதனிடமிருந்து.

கையை எடுத்தேன்.

"சொல்லு!" என்று கத்தினேன். "வாயைத் திற மதுரா! ஆர் எண்டு சொல்லு, எங்கை எண்டு சொல்லு! லைசென்ஸ் போனால் மயிராச்சு, சொல்லடி!"

என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அவள் கேட்டதில்லை. திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். விமானத்தின் பெயர், உயரம், எங்கிருந்து எங்கே போகிறோம் என்பது. கடைசியில், இருக்கும் இடம் சரியாகத் தெரியவில்லை, உதவி வேண்டும் என்றாள்.

கட்டுப்பாட்டாளரின் குரலில் ஒரு கோபமும் இல்லை. எங்களை அவருடைய திரையில் காட்டும் கருவியில் ஒரு புது இலக்கத்தைப் போடச் சொன்னார். அவள் போட்டாள். பிறகு அவர் சொன்னார்: "உங்களை அடையாளம் கண்டுகொண்டேன்."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஈரக்குலை நடுங்கும். அடையாளம் காணப்பட்டவன் வீட்டுக்கு வந்ததில்லை. இங்கே அதைச் சொன்ன கையோடு அவர், வலப்பக்கம் திரும்புங்கள், மேலே ஏறாதீர்கள், நான் சொல்லும்வரை நேரே போங்கள் என்றார். அதே மூச்சில் அந்தப் பெரிய விமானத்தையும் விலகி மேலே ஏறச் சொன்னார். அது சில்லுகளை மடித்துக்கொண்டு, வயிற்றைக் காட்டித் திரும்பி மேகத்துக்குள் போனது. உள்ளே எத்தனை குடும்பங்கள் இருந்தனவோ. ஒருவருக்கும் எங்களைத் தெரியாது.

5

புல்லில் இறங்கி எஞ்சினை நிறுத்தியபின் மதுரா அப்படியே இருந்து அழுதாள். நான் பட்டியைக் கழற்றத் தெரியாமல் இருந்த இடத்திலிருந்தே அவளின் முதுகைத் தடவினேன்.

கட்டுப்பாட்டாளர் தன்னைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லியிருந்தார். கொட்டிலுக்குள் போய் அழைத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் விட்டாள். வேலியின் ஒரு மூலையை நாங்கள் வெட்டித்தான் இருந்தோம். கட்டாயம் அறிக்கை எழுத வேண்டும் என்றார். பிறகு கேட்டார், "ஏன் முன்பே கூப்பிடவில்லை?"

"பயமாயிருந்தது" என்றாள்.

"என் திரையில் ஒரு புள்ளி தெரிந்தது. அது அடுத்து என்ன செய்யும் என்று தெரியாமல் நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். நீங்கள் வாய் திறந்த பிறகுதான் மற்றவர்களை விலக்க முடிந்தது. அடுத்தமுறை முதல் சந்தேகத்திலேயே கூப்பிடுங்கள். அதற்குத்தான் இருக்கிறோம்" என்றார்.

மதுரா ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள். தெரிந்துகொண்டே மௌனமாக இருந்ததையும் எழுதினாள். பயிற்றுநரோடு மறுபடி பறந்து காட்ட வேண்டும், ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று மறுமொழி வந்தது. அனுமதிப்பத்திரம் போகவில்லை. நேர்முகத்தில் அவர்கள் கேட்கவேயில்லை, இவளாகவே சொல்லியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை என்று நான் நினைக்கிறேன். என் பிள்ளை வாய் திறந்துவிட்டாள்.

ஆனால் எனக்கு நித்திரை போயிற்று. அண்ணா வாயால் கெட்டான் என்று இவ்வளவு காலமும் சொன்னோமே. சிரித்துக்கொண்டு, நான் இன்னார், இன்ன இடத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருப்பான். மனிசரிடம் மனிசர் சொல்வதைத்தானே சொன்னான்? அவனைப் பிடித்தது அவனுடைய வாயில்லை, பிடித்தவர்களின் கை. அந்தக் கையைக் குறைசொல்ல எங்களுக்கு ஏலாமல் இருந்தது. அதனால் பாவம், அவனின் வாயைக் குறைசொன்னோம். அந்த வீண் பழியைச் சுமந்துகொண்டு எங்கே நிற்கிறானோ, எங்கே கிடக்கிறானோ.

6

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிறவர்கள் அவ்வப்போது ஊர்ப்பக்கம் வந்து அரசாங்கக் கந்தோரில் அமர்ந்து பெயர் பதிவார்கள். ஒவ்வொரு முறையும் ஊர் அலுவலரான விதானையார் அக்காவுக்குச் சொல்லி அனுப்புவார். அக்கா ஒருமுறையும் போனதில்லை. எங்களிடம் நேராக வந்து கேட்டார்களா, இல்லையே என்பது அக்காவின் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

நான் அழைத்தேன். வானத்தில் நடந்ததைச் சொன்னேன். அக்கா நன்றாக ஏசினார்.

"உனக்கென்னடி விசரே, இந்த வயதிலை உந்தப் பெட்டைக்குப் பின்னாலை ஏறிப் பறக்க?"

"அக்கா, நேசண்ணாவைப் பதியுங்கோ."

அந்தப் பக்கத்தில் ஒரு ஆடு கத்தியது. அந்தப் பெயரை நாங்கள் சொல்லி எத்தனை காலம்.

"இனிச் சொல்லி என்ன வரப்போகுது?" என்றார் அக்கா. "அப்பா என்ன சொன்னவர் எண்டு மறந்துபோனியோ?"

"மறக்கேல்லை. அப்பா எங்களைக் காப்பாத்தச் சொன்னவர். நாங்கள் தப்பியிட்டம் அக்கா. அவனைத்தான் இன்னும் ஒளிச்சு வைச்சிருக்கிறம்."

அக்கா அழவில்லை. "வைக்கிறன், ஆட்டுக்குக் குழை போடோணும்" என்று வைத்துவிட்டார். சரி, நடக்காது என்றுதான் நினைத்தேன்.

அடுத்தமுறை அவர்கள் வந்தபோது, அக்கா கந்தோருக்குள்ளிருந்தே என்னை அழைத்தார். கதைக்கவில்லை. தொலைபேசியை மடியில் வைத்திருந்தார் போலும். எனக்கு எல்லாம் கேட்டது. ஒரு இளம் அலுவலரின் குரல் மரியாதையாகக் கேட்டது. பெயர்? அக்கா சொன்னார். வயது? உயரம்? என்ன உடுத்திருந்தவர்? கடைசியாக எங்கை கண்டவை? அக்கா ஒவ்வொன்றுக்கும் சொன்னார். நீலக்கோடு போட்ட சேட்டு என்று சொன்னார். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"அண்டைக்கு அவர் எங்கை போக வெளிக்கிட்டவர், அம்மா?"

லண்டனில், குசினியில், நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் மறுமொழி இல்லை. அண்ணா அதைச் சொல்லியிருந்தால் அந்தச் சென்றியில் நின்றவர்களிடம் மட்டும்தான்.

அக்காவின் கதிரை நகரும் சத்தம் கேட்டது. எழும்பி நின்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

"தெரியாது தம்பி. போகேக்கை கேக்கக்கூடாதெண்டு நாங்கள் அண்டைக்குக் கேக்கேல்லை. அதைத்தான் இண்டைக்குக் கேக்க வந்தனான். எங்கடை பிள்ளை எங்கை?"